மதிப்பு தப்பினாலும் சரிவு தப்பக்கூடாது

2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், 24.4 மீட்டர் உயரமும் 36.6 மீட்டர் அகலமும் உள்ள காற்றுச் சுரங்கத்துக்குள் ஒரு காற்றாலையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேசை மேல் வைக்கிற பொம்மை இல்லை, 10 மீட்டர் விட்டத்தில் இரண்டு இறக்கைகளோடு சுற்றுகிற நிஜக் காற்றாலை. நடத்தியது அமெரிக்காவின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமான என்ஆர்இஎல். அளந்த எண்களை வெளியே விடாமல் வைத்துக்கொண்டு, இந்தத் துறையில் பெயர் பெற்ற நிபுணர்களிடம் "இறக்கையின் வடிவம் இது, காற்றின் வேகம் இது, உங்கள் மென்பொருள் என்ன சொல்கிறது?" என்று கேட்டார்கள்.

வந்த பதில்களைப் பார்த்தால் தலை சுற்றும். காற்று நேராக வருகிறது, சீராக வருகிறது, இறக்கை ஸ்டால் ஆகவில்லை, அதாவது காற்று இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகவில்லை. இதைவிட எளிதான நிலை கிடையாது. அந்த நிலையிலேயே கணிப்புகள் அளந்த திறனில் 25 சதவீதத்தில் தொடங்கி 175 சதவீதம் வரை பரவிக் கிடந்தன. ஸ்டால் ஆன பிறகு 30-லிருந்து 275 வரை.

எனக்கு இதில் பிடித்த கேள்வி வேறு. அதே 2000-இல் ஐரோப்பாவில் மெகாவாட் அளவுக் காற்றாலைகள் இறக்கைகளைத் திருப்பித் திருப்பி, புயல் காற்றிலும் சுழல்வேகத்தை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. காற்றியல் மாடல் இவ்வளவு தடுமாறும்போது, இறக்கையை எப்போது எவ்வளவு திருப்புவது என்று முடிவு செய்யும் அந்தக் கன்ட்ரோலர்களை எதை நம்பி வடிவமைத்தார்கள்? நான் கட்டுப்பாட்டுப் பொறியியல் பக்கமிருந்து இந்தத் துறைக்குள் வந்தவன், காற்றியலைப் பின்வாசல் வழியாகக் கற்றுக்கொண்டவன். அதனால் இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சுருக்கமான பதில்: கன்ட்ரோலருக்குத் திறனின் மதிப்பு பெரிதாகத் தேவைப்படுவதில்லை, அதன் சரிவுதான் தேவை. இறக்கையை ஒரு டிகிரி திருப்பினால் திறன் எந்தப் பக்கம் போகும், எவ்வளவு போகும், எவ்வளவு நேரத்தில் போகும் என்பது. விறகடுப்பில் பால் காய்ச்சுகிறவருக்கு அடுப்பின் வெப்பநிலை எத்தனை டிகிரி என்று தெரியாது. ஆனால் ஒரு விறகை வெளியே இழுத்தால் பால் எவ்வளவு அடங்கும், அடங்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியும், பால் பொங்காமல் பார்த்துக்கொள்ள அது போதும். மதிப்பில் உள்ள பிழையைப் பின்னூட்டம், அதாவது விளைவை அளந்து அதற்கேற்பத் திருத்திக்கொண்டே இருப்பது, தானாகச் சரிசெய்துவிடும். சரிவிலோ நேரத்திலோ உள்ள பிழையை எடுத்துக்கொண்டால், அந்தப் பின்னூட்டமே அதை ஊதிப் பெரிதாக்கும்.

இனி எண்களோடு பார்க்கலாம். இந்தத் துறையில் எல்லோரும் கைவைத்துப் பழகிய ஒரு கற்பனைக் காற்றாலை உண்டு, 2009-இல் ஜேசன் ஜாங்க்மனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட என்ஆர்இஎல் 5 மெகாவாட் மேற்கோள் காற்றாலை. 126 மீட்டர் விட்டம், 90 மீட்டர் உயரம். 3 மீட்டர் வேகக் காற்றில் தொடங்கும், 11.4-இல் முழுத்திறனை எட்டும், 25-இல் நின்றுவிடும். (வேகம் எல்லாம் வினாடிக்கு மீட்டரில்தான், இனி சும்மா எண்ணை மட்டும் சொல்கிறேன்.) முழுத்திறனில் நிமிடத்துக்கு 12.1 சுற்று, இறக்கை நுனி வினாடிக்கு 80 மீட்டர் போகும். யாரும் கட்டாத இந்த இயந்திரத்தைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளுக்குக் கணக்கே இல்லை. தயாரிப்பாளர்கள் தங்கள் இறக்கை வடிவத்தையும் கன்ட்ரோலரையும் வெளியே விடமாட்டார்கள், ஆகவே ஊரறிய விவாதிக்க இப்படி ஒன்று வேண்டியிருந்தது.

இதன் மிக எளிய மாடலில் ஒரே ஒரு சமன்பாடுதான். காற்று தரும் முறுக்குவிசையிலிருந்து ஜெனரேட்டர் பிடித்து இழுக்கும் முறுக்குவிசையைக் கழி, மிச்சம் இறக்கைகளோடு சுற்றும் சுழலியை முடுக்கும். அவ்வளவுதான். காற்று தரும் திறனுக்கு ஓர் அட்டவணை: நுனிவேகத்தைக் காற்றுவேகத்தால் வகுத்தால் வரும் நுனிவேக விகிதம் ஒரு பக்கம், இறக்கை தன் அச்சில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற பிட்ச் கோணம் மறுபக்கம், உள்ளே திறன் குணகம். காற்றில் உள்ள ஆற்றலில் எவ்வளவு பங்கை எடுக்கிறோம் என்பதே அந்தக் குணகம். உச்சவரம்பு 59.3 சதவீதம் என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920 வாக்கிலேயே சொல்லிவிட்டார். நம் 5 மெகாவாட் காற்றாலைக்கு உச்சம் 0.482, நுனிவேக விகிதம் 7.55, பிட்ச் பூஜ்யத்தில்.

அட்டவணை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பிரிட்டிஷ் காற்றியலாளர் கிளாவர்ட் 1930-களில் ஒழுங்குபடுத்தித் தந்த முறையிலிருந்து. இறக்கை சுற்றும் வட்டத்தை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு வளையத்திலும் இறக்கை கொடுக்கும் விசையும் காற்று இழக்கும் உந்தமும் ஒன்றாக வரும்வரை கணக்கைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது. ஒரு வளையம் பக்கத்து வளையத்தைப் பாதிக்காது என்று ஒரு துணிச்சலான அனுமானம் இதில் இருக்கிறது. நுனியில் கசியும் காற்றுக்கு பிராண்டலின் திருத்தம், காற்று அளவுக்கு மீறி மெதுவானால் சோதனைகளிலிருந்து எடுத்த இன்னொரு திருத்தம், இப்படி ஒட்டுப்போட்ட சட்டைதான். ஆனால் மடிக்கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான முறை ஓட்ட வேண்டியவர்களுக்கு வேறு வழியுமில்லை.

சரி, முழுத்திறனுக்கு மேலே என்ன நடக்கிறது? காற்று கூடக் கூட, திறனை 5 மெகாவாட்டில் பிடித்து வைக்க இறக்கையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். 12-இல் 3.83 டிகிரி, 25-இல் 23.47 டிகிரி. இங்கேதான் சரிவு தன் முகத்தைக் காட்டுகிறது. 11.4-இல் பிட்சை 1 டிகிரி கூட்டினால் திறன் சுமார் அரை மெகாவாட் குறையும். அதே 1 டிகிரி, 25-இல் சுமார் 2.2 மெகாவாட்டைக் குறைக்கும். நான்கு மடங்குக்கும் மேல். காரணம் சிக்கலானது இல்லை: காற்று வலுக்கும்போது இறக்கைக்கு அது வந்து சேரும் கோணம் நிமிர்கிறது, அதனால் இறக்கையின் தூக்குவிசையில் சுழற்சிப் பக்கம் விழும் பங்கு கூடுகிறது, அதோடு விசையுமே பெரிதாகிறது.

11.4 காற்றுக்குச் சரியாக அமைத்த கன்ட்ரோலரை அப்படியே 25-இல் ஓட்டினால், அது நான்கு மடங்கு முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும். அதனால் பிட்ச் கோணத்தைப் பார்த்துப் பெருக்கத்தை, அதாவது ஒரே அளவு பிழைக்கு இறக்கையை எவ்வளவு திருப்புவது என்பதை, குறைத்துக்கொண்டே போகிறார்கள். 5 மெகாவாட் காற்றாலையின் அறிக்கையில் இது ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது: பிட்ச் சுமார் 6.3 டிகிரியை எட்டும்போது சரிவு இரட்டிப்பாகிறது, ஆகவே பெருக்கத்தைப் பாதியாக்கு. அட்டவணையின் மதிப்புகள் 10 சதவீதம் பிசகினால் என்ன ஆகும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் ஆகாது. கன்ட்ரோலரில் பிழையைக் கூட்டிக்கொண்டே வரும் தொகையீடு இறக்கையை அரை டிகிரி முன்னே பின்னே கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளும். ஏம்ஸ் புதிருக்கு என் விடையில் பாதி இதுதான்.

மீதிப் பாதி, நேரம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

டென்மார்க்கில் எஸ்பியர் நகருக்குப் பக்கத்தில் ட்யேரெபோர்க் என்ற இடத்தில் 80-களின் கடைசியில் 61 மீட்டர் விட்டத்தில் ஒரு 2 மெகாவாட் காற்றாலை நின்றது. அதில் செய்த ஒரு சோதனையின் வரைபடம் இந்தத் துறையின் பாடங்களில் இன்றும் வரும். 9-க்குக் கொஞ்சம் குறைவான காற்றில் பிட்சைத் திடீரென்று 3.7 டிகிரி திருப்பினார்கள், சற்று நேரம் கழித்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். எளிய அட்டவணை மாடல் என்ன சொல்லும்? பிட்ச் மாறிய கணமே முறுக்குவிசை புது மதிப்புக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும் என்று. நடந்தது அப்படியில்லை. முறுக்குவிசை போக வேண்டிய இடத்தைத் தாண்டிக் கீழே விழுந்தது, பிறகு பல வினாடிகள் எடுத்து மெல்ல மேலே வந்து நிலைத்தது. பிட்சைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதே கதை தலைகீழாக.

என்ன காரணம்? ஓடும் காற்றாலை தன்னிடம் வரும் காற்றைத் தானே மெதுவாக்குகிறது. அப்படி மெதுவாகி, நுனிகளில் சுருண்டு, பின்னால் நீண்டு போகும் காற்றை வேக் என்கிறோம். இறக்கையைக் காற்றுக்கு விலக்கித் திருப்பினால் இறக்கை அந்தக் கணமே மாறிவிடும், வேக் மாறாது. பழைய வேக், பழைய பிட்சுக்கு ஏற்ற அளவில், காற்றை இன்னும் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். பின்னால் புது வேக் உருவாகி, பழையது தூரம் போன பிறகுதான் இறக்கைக்கு வரும் காற்று கொஞ்சம் வேகம் பெற்று முறுக்குவிசை மீளும்.

அப்படியானால் ஒரே பிட்சுக்கு இரண்டு சரிவுகள் இருக்கின்றன, உடனடிச் சரிவு ஒன்று, அடங்கிய சரிவு ஒன்று. அட்டவணையிலிருந்து வருவது இரண்டாவது. கன்ட்ரோலர் கையில் உணர்வது பெரும்பாலும் முதலாவது, அதுதான் பெரியது. மேலே நான் சொன்ன அரை மெகாவாட், 2.2 மெகாவாட் எண்களைக் கணக்கிட்டபோது ஜாங்க்மன் வேக்கை உறைய வைத்துவிட்டுப் பிட்சை மட்டும் அசைத்துப் பார்த்தார், அதிகச் சுமையில் ஓடும் சுழலிக்கு அதுவே சரி என்று காரணமும் எழுதியிருக்கிறார். அறிக்கையில் ஒன்றிரண்டு வரி, வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். திறன் குணக அட்டவணையை வகையிட்டுப் பார்த்து "அறிக்கையின் எண் வரவில்லையே" என்று குழம்புகிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வரிகள்தான்.

இந்த இரண்டு சரிவுகளுக்கும் நடுவே எவ்வளவு நேரம்? டென்மார்க்கின் ஸ்டிக் ஓயே தந்த எளிய மாடலில் காலமாறிலி, அதாவது வேக் அடங்க எடுக்கும் நேரத்தின் அளவு, ஆரத்தைக் காற்றுவேகத்தால் வகுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, முழுத்திறன் பக்கத்தில். 63 மீட்டர் ஆரம், 11.4 காற்று என்றால் சுமார் 10 வினாடி. இப்போது கன்ட்ரோலரைப் பாருங்கள். அந்த அறிக்கையில் சுழல்வேகக் கட்டுப்பாட்டுக்குத் தேர்ந்த இயல் அதிர்வெண் வினாடிக்கு 0.6 ரேடியன், அதாவது ஒருமுறை ஊசலாடி முடிய சுமார் 10.5 வினாடி. இரண்டும் ஒரே அளவு! வேக் உறைந்தது என்றும் சொல்ல முடியாது, அடங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நல்லவேளையாக, பலத்த காற்றில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இறக்கை காற்றிலிருந்து எடுப்பது மிகச் சிறு பங்கு, காற்றும் அதிகம் மெதுவாவதில்லை. தொல்லையெல்லாம் முழுத்திறனை ஒட்டிய அந்தக் குறுகிய பகுதியில்தான். கோபுரத்தின் மேல் விழும் தள்ளுவிசை உச்சத்தில் இருப்பதும் அங்கேதான்.

இதுவரை சொன்னதை வைத்து மதிப்பே முக்கியமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். முழுத்திறனுக்குக் கீழே நிலைமை மாறிவிடுகிறது. அங்கே பிட்ச் அசையாது, ஜெனரேட்டரின் முறுக்குவிசையைச் சுழல்வேகத்தின் இருமடியோடு ஒரு மாறிலியைப் பெருக்கி வைத்துவிடுவார்கள். காற்றுவேகமானியே வேண்டாம், சுழலி தானாக உகந்த நுனிவேக விகிதத்தைத் தேடிப் போய் நிற்கும். அழகான தந்திரம், எனக்கு இதில் அலுப்பே வந்ததில்லை. ஆனால் "உகந்தது எது" என்று சொல்வது அந்த மாறிலிதான், அதைத் திருத்த எந்தப் பின்னூட்டமும் இல்லை. ஆரத்தின் ஐந்தாம் படி, உச்சத் திறன் குணகம், காற்றின் அடர்த்தி எல்லாம் மேலே, நுனிவேக விகிதத்தின் மும்மடி கீழே. அந்த விகிதம் 5 சதவீதம் பிசகினால் மாறிலி சுமார் 16 சதவீதம் பிசகும்.

அடர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல்களில் எல்லாம் 1.225, அது 15 டிகிரிக்கு. முப்பந்தலிலோ கயத்தாற்றிலோ 35 டிகிரி வெயிலில் சுமார் 1.15-தான் இருக்கும், 6 சதவீதம் குறைவு. இறக்கையில் தூசி படிந்தால் உச்சத் திறன் குணகமும் இறங்கும். மாறிலி அளவுக்கு மேல் இருந்தால் சுழலி மெதுவாகி ஸ்டால் பக்கம் சாயும், அந்தப் பக்கத்தில் திறன் குணகம் செங்குத்தாக விழும். அளவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் இழப்பு குறைவு, அதோடு வீச்சுக்காற்று வரும்போது சுழலி வேகமெடுத்துப் பிடித்துக்கொள்ளும். கொலராடோவில் 600 கிலோவாட் சோதனைக் காற்றாலையில் என்ஆர்இஎல் ஆட்கள் மாறிலியை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தது இதனால்தான். ஏம்ஸில் மாடல்கள் தடுமாறிய இடம் கன்ட்ரோலர்காரர்களைக் கடிக்கிறது என்றால் இங்கேதான் கடிக்கிறது, காற்றாலைக்கு ஆபத்து இல்லை, காசுதான் போகிறது.

காற்றை அளந்து கட்டுப்படுத்தலாமே என்று கேட்பார்கள். எந்தக் காற்றை? கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டியின் முதுகில் நிற்கும் வேகமானி இறக்கைகளுக்குப் பின்னால், கலங்கிய காற்றில் நிற்கிறது. 126 மீட்டர் வட்டத்தில் மேலே ஒரு வேகம், கீழே ஒரு வேகம், கோபுரத்துக்கு முன்னால் வேறொன்று. மாடலில் நாம் ஒற்றை எழுத்தில் எழுதும் காற்றுவேகம் இயற்கையில் எங்கேயும் இல்லை, சுழலி முழுவதும் சராசரியாக உணர்வதாக நாம் வைத்துக்கொள்ளும் எண் அது. அதைச் சுழல்வேகம், முறுக்குவிசை, பிட்ச் மூன்றையும் வைத்து அட்டவணையைத் தலைகீழாகப் படித்து மதிப்பிடுகிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்தக் கணக்குக்கு மெல்லிய காற்றும் அழுக்கு இறக்கையும் ஒன்றுபோலத்தான் தெரியும், இரண்டையும் பிரிக்க அதனிடம் வழி இல்லை.

ஸ்டால் பற்றி ஒரு சின்ன விலகல். 90-களில் ஆரல்வாய்மொழிப் பக்கம் நட்ட சிறு காற்றாலைகளில் பலவற்றுக்கு இறக்கை திரும்பாது. காற்று வலுத்தால் இறக்கை தானாக ஸ்டால் ஆகித் திறன் அடங்கும், கட்டுப்பாடு முழுவதும் வடிவத்திலேயே இருந்தது, கன்ட்ரோலர்காரருக்கு வேலையே இல்லை. கலிபோர்னியாவில் இந்த வகைக் காற்றாலைகள் சில சமயம் பலத்த காற்றில் காரணமே தெரியாமல் பாதித் திறனுக்கு விழுந்தன. இறக்கையின் முன்விளிம்பில் மோதிச் செத்து ஒட்டிக்கொண்ட பூச்சிகள்தான் காரணம் என்று 2001-இல் டச்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சி மெல்லிய காற்றில்தான் பறக்கும், விளைவோ பலத்த காற்றில்தான் தெரியும், அதனால் கண்டுபிடிக்க அவ்வளவு நாள் ஆயிற்று. பிட்ச் திருப்பும் இயந்திரங்கள் ஸ்டால் பக்கமே போகாமல் ஓடுவதற்குக் கட்டுப்பாட்டுக் கோணத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு: ஸ்டாலுக்குள் சரிவின் குறியே மாறிவிடலாம், குறைக்கத் திருப்பினால் கூடும்.

மிதக்கும் காற்றாலைகள் வந்த பிறகு இந்தச் சரிவுக் கதை இன்னொரு கட்டத்துக்குப் போனது. முழுத்திறனுக்கு மேலே காற்று கூடினால் கன்ட்ரோலர் இறக்கையைத் திருப்பிவிடுவதால், கோபுரத்தைப் பின்னால் தள்ளும் விசை கூடுவதற்குப் பதில் குறைகிறது. 5 மெகாவாட் காற்றாலையில் உச்சத்தில் சுமார் 800 கிலோநியூட்டன், 25-இல் ஏறக்குறைய அதில் பாதி. நிலத்தில் நிற்கும் கோபுரத்துக்கு இது நல்ல செய்தி. கடலில் மெதுவாக முன்னும் பின்னும் சாயும் மிதவைக்கு இது விபரீதம். மிதவை காற்றை நோக்கிச் சாயும்போது சுழலி உணரும் காற்று கூடுகிறது, கன்ட்ரோலர் இறக்கையைத் திருப்புகிறது, தள்ளுவிசை குறைகிறது, தடுக்க ஆளில்லாமல் மிதவை இன்னும் முன்னே சாய்கிறது. தணிக்க வேண்டிய காற்று ஊஞ்சலாட்டிவிடுகிறது. எதிர்மறைத் தணிப்பு என்பது இதுதான்.

நார்வேக்காரர்கள் 2009-இல் கார்மோய் தீவுக்கு அப்பால் ஹைவிண்ட் என்ற 2.3 மெகாவாட் காற்றாலையை மிதக்கவிடும் முன்பே இதைக் கண்டு எழுதியிருந்தார்கள். அதே வகை மிதவையில் 5 மெகாவாட் காற்றாலையை ஏற்றியபோது, ஜாங்க்மன் கன்ட்ரோலரின் அதிர்வெண்ணை 0.6-லிருந்து 0.2 ரேடியனுக்கு இறக்கினார், மிதவையின் சாய்வு அதிர்வெண் 0.21-க்குக் கீழே போவதற்காக. முழுத்திறனுக்கு மேலே திறனை நிலையாக வைப்பதை விட்டு முறுக்குவிசையை நிலையாக வைக்கவும் மாற்றினார். விலை என்ன என்றால், சுழல்வேகம் முன்பைவிட அதிகம் அலையும். இதில் மாடல் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சரிவும் சரிதான். மிதவையின் அசைவும் காற்றுவேகத்தின் பகுதி என்று மாடலில் எழுதாவிட்டால் அந்தச் சரிவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து செய்வது கண்ணில் படாது, அவ்வளவுதான். இப்போது கோபுர உச்சியின் வேகத்தை அளந்து பிட்சுக்குள் ஊட்டுவது பரவலாகிவிட்டது, டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் என்ஆர்இஎல்லும் திறந்த மூலமாக வெளியிட்ட ரோஸ்கோ கன்ட்ரோலரிலும் அது இருக்கிறது.

காற்றாலைகள் பெரிதாகப் பெரிதாக வேக்கின் கதையும் மிதவையின் கதையும் நெருங்கி வருகின்றன. 2020-இல் வெளியான 15 மெகாவாட் மேற்கோள் காற்றாலைக்கு 240 மீட்டர் விட்டம், முழுத்திறன் 10.6 காற்றில். ஓயேயின் சூத்திரத்தில் போட்டால் வேக் அடங்கச் சுமார் 20 வினாடி. அதற்காக மெய்ன் பல்கலைக்கழகம் வடிவமைத்த மிதவை ஒருமுறை சாய்ந்து எழச் சுமார் 28 வினாடி. மிதவை சாய்வதும் வேக் மாறுவதும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் நடக்கும்போது, தள்ளுவிசை எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதுதான் அது தணிக்கிறதா ஊஞ்சலாட்டுகிறதா என்று தீர்மானிக்கும். வேக்கை உறைய வைத்த மாடல் ஒரு பதில் தரும், அடங்கியதாக எடுத்துக்கொண்ட அட்டவணை இன்னொன்று தரும். இப்படியொரு மிதவைக்கு யாராவது கன்ட்ரோலர் எழுதிக்கொண்டு வந்தால், திறன் குணகம் 0.48-ஆ 0.49-ஆ என்று நான் சண்டை போடுவதில்லை. பிட்சை ஒரு டிகிரி சட்டென்று திருப்பினால் தள்ளுவிசை முதல் 30 வினாடி எப்படிப் போகிறது என்ற வரைபடத்தைக் கேட்பேன், எளிய மாடலில் ஒன்று, வேக்கைச் சுழிகளாகவே வைத்துக் கணக்கிடும் கனமான மாடலில் ஒன்று, இரண்டையும் ஒரே தாளில்.